தவளையின் முன்சக்கரங்கள்

நான் வேலை பார்க்கும் உதிரிபாகக் கடையின் வாசலில் ஒரு நாள் மதியம் பள்ளிப் பேருந்து ஒன்று வந்து நின்றது. நிறுத்திய விதத்திலேயே ஓட்டுநரைப் பற்றிப் பாதி தெரிந்துவிட்டது. எங்கள் வாசலில் யாரும் சிக்னல் போட்டு வண்டி நிறுத்துவதில்லை. இவர் போட்டார். இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்தார், இறங்கினார், சமதரை என்று தெரிந்தும் முன்சக்கரத்துக்கு ஒரு கட்டை வைத்தார். அப்புறம்தான் உள்ளே வந்தார்.

"முன்னாடிக்கு ஷாக் அப்சார்பர் வேணும் தம்பி. மேல எழும்பும்போது மெதுவா எழும்பணும். கீழ வரும்போது பொத்துனு விழக் கூடாது."

என் மேசையில் 'தொழில்நுட்ப ஆலோசகர்' என்று ஒரு பலகை உண்டு. பெயருக்குப் பின்னால் பட்டமும் இருக்கும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான் என்பதால் அந்தப் பலகையைத் தினமும் நானே துடைப்பேன். அந்தப் பட்டத்துக்குரிய வேகத்தில் பேருந்துகளுக்கான விலைப்புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தேன்.

அவர் அதை மரியாதையாக ஒரு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். "பஸ்ஸுக்கு இல்ல தம்பி. பஸ் முன்னாடி தூக்குச்சுன்னா பிள்ளைங்க எல்லாம் கடைசி சீட்டுல வந்து குவிஞ்சிடும். இது ரேஸ் வண்டிக்கு."

"யாரோட வண்டி?"

"என்னோடதுதான்."

நான் மறுபடி வாசலைப் பார்த்தேன். சக்கரத்துக்குக் கட்டை வைத்த பேருந்து நின்றுகொண்டிருந்தது. என் பார்வை போன இடத்தை அவரும் பார்த்தார். "எல்லாரும் அப்படித்தான் பாக்குறாங்க" என்றார்.

பள்ளிப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஆமை அங்கிள். பேருந்தில் அவர் வேகம் அப்படி. பந்தயத் திடலில் அவர் காருக்குத் தவளை என்று பெயர். காரின் நிறம் பச்சை. தவிர, விளக்கு மாறியதும் அது தரையை விட்டு எழும்பும். கால் மைல் நீளத் தார்ப்பாதை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கார்கள், யார் முதலில் போய்ச் சேருகிறார்கள் என்பதுதான் டிராக் ரேஸ். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. இன்ஜின் கொடுக்கும் உந்தலில் எடை முழுக்கப் பின்னால் போய், பழைய கார்களுக்கு முன்சக்கரங்கள் அந்தரத்தில் தூக்கிக்கொள்ளும். கூட்டம் கைதட்டுவது அதற்குத்தான். யார் ஜெயித்தார் என்று பலர் பார்ப்பதுகூட இல்லை.

அந்த வார இறுதியில் அவருடைய ஷெட்டுக்குப் போனேன். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவர்தான் என்று நினைத்து, "அண்ணே, வந்துட்டேன்" என்றேன். அடியிலிருந்து ஒரு பெண்குரல், "அவரு டீ போடுறாரு தம்பி. அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க" என்றது.

அவர் மனைவி. லாரிகளை நிறுத்தி எடை போடும் எடை மேடையில் வேலை. காரை ஓட்டுவது அண்ணன், கழற்றிப் பூட்டுவது அண்ணி என்று அவர்களுக்குள் ஒரு பிரிவினை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கார் அவரிடம் இருந்தது. "வண்டியோட சேத்துத்தான் என்னக் கட்டிக்கிட்டாரு" என்று அண்ணி சொல்ல, "நீ வண்டியப் பாத்துட்டுத்தான சரின்ன" என்று டீயோடு வந்தவர் சொன்னார். அண்ணி மறுக்கவில்லை.

காரை எடை மேடைக்குக் கொண்டுபோய் முன்பக்கம் தனியாகவும் பின்பக்கம் தனியாகவும் எடை பார்த்ததாக அண்ணி சொன்னார். எனக்கு மகிழ்ச்சி. எடைக்கணக்கு இல்லாமல் சஸ்பென்ஷன் பற்றிப் பேசுவது வீண். ஓட்டுநரை உட்கார வைத்து எடுத்த எடையா என்று கேட்டேன்.

"அது லாரி மேடை தம்பி. இவரு ஏறினாலும் நம்பர் மாறல, இறங்கினாலும் மாறல. வீட்டுலயும் அப்படித்தான்."

அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

பிரச்சனையை அண்ணிதான் சொன்னார். போன பந்தயத்தில் தவளை எழும்பியது, கூட்டம் ஆர்ப்பரித்தது, சக்கரம் தரையைத் தொட்ட மறுகணம் கார் நடுக்கோட்டைத் தாண்டி அடுத்த பாதைக்குள் புகுந்துவிட்டது. அடுத்த பாதையில் ஓடிய கார் அவர்களுக்குப் பின்தங்கியிருந்ததால் பிழைத்தது. திடலின் மேற்பார்வையாளர், எப்போதும் கழுத்தில் விசில் தொங்கும் ஓர் அம்மாள், வந்து குனிந்து சன்னல் வழியாகச் சொன்னாராம்: "இன்னொரு தடவை கோட்டத் தாண்டினா இந்த வண்டி இந்தத் திடலுக்குள்ள வரக் கூடாது. இந்த வருஷம் மட்டும்னு நினைக்காதீங்க. எப்பவுமே." சுற்றுவட்டாரத்தில் இருக்கும் ஒரே திடல் அது.

"அவங்க சொன்னது கூடப் பரவால்ல" என்றார் அண்ணி. "அடுத்த லேன்ல இருந்த பையனோட அம்மா என் பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தாங்க. அவங்க எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. திரும்பிப் பாத்தாங்க, அவ்வளவுதான்."



நான் ஜாக்கி வைத்து முன்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை குறுக்கே ஒரே இரும்பு அச்சு. அதன்மேல் பட்டை ஸ்பிரிங். ஊரில் நான் பார்த்து வளர்ந்த மாட்டு வண்டிக்கும் இதற்கும் ஸ்பிரிங் ஒன்றுதான் வித்தியாசம். அதைச் சொன்னேன்.

"மாட்டு வண்டி கோட்டத் தாண்டாது தம்பி" என்றார் அண்ணி.

அடுத்த வாரம் மூன்று வழிகளோடு போனேன். முதல் வழி, பழைய அச்சை வெட்டி எறிந்துவிட்டு முன்பக்கம் முழுவதும் ஒரே தொகுப்பாக வரும் புது கிட் மாட்டுவது. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும், சுருள் ஸ்பிரிங், ஸ்டியரிங்கும் புது மாதிரி, கையைக் கொஞ்சம் அசைத்தாலே திரும்பும். ஆனால் பழைய கார்கள் பிரிவின் விதிப்படி முன்பக்கம் ஒற்றை அச்சாக இருக்க வேண்டும். கிட் மாட்டினால் பொதுப்பிரிவில் நேற்றுச் செய்த கார்களோடு ஓட வேண்டும். இரண்டாவது, அதே மாதிரி அச்சு, ஆனால் குழாயில் செய்த லேசான அச்சு. எடை குறையும். எடை குறைந்தால் இன்னும் உயரமாக எழும்பும். மூன்றாவது, பழைய அச்சை வைத்துக்கொண்டு ஸ்பிரிங், ஷாக் எல்லாவற்றையும் மாற்றி, எழும்பும் உயரத்துக்கு ஒரு வார் கட்டுவது. அச்சையும் காரின் அடிச்சட்டத்தையும் இணைக்கும் தடித்த பட்டை வார். அதன் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் முன்பக்கம் எழும்பும்.

அண்ணனின் கண் இரண்டாவது வழியிலேயே நின்றது. "இன்னும் எழும்புமா?"

"எழும்பும். இறங்கும்போது என்ன ஆகும்னு நீங்களே சொன்னீங்க."

"வாரு வேணாம் தம்பி" என்றார். அவர் குரல் உயரவில்லை. "பஸ்ஸுல நாள் பூரா பிரேக்குல கால வச்சிட்டு உக்காந்திருக்கேன். வருஷத்துல சில தடவை, சில நொடி, முன்னாடி ரோடே தெரியாது. வானம் மட்டும் தெரியும். அதுக்காகத்தான் இந்த வண்டிய வச்சிருக்கேன். அதக் கட்டிப் போட்டா அப்புறம் எதுக்கு?"

அண்ணி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "வானத்தப் பாக்கணும்னா மொட்டை மாடி இருக்கு" என்றார்.

கடைசியில் கிட் என்று முடிவானது. பழைய பிரிவை விட்டு வெளியே போவது அண்ணனுக்குக் கசப்புதான். ஆனால் கிட் நேராக இறங்கும் என்று நான் சொன்னேன், அது உண்மையும்கூட. நான் கடையில் சொல்லி வைத்தேன். வருவதற்குச் சில வாரம் ஆகும் என்றார்கள்.

அந்தச் சில வாரத்துக்குள் என் மோட்டார் சைக்கிள் படுத்துவிட்டது. ஷெட்டில் ஸ்பிரிங் தாங்கிகளின் அளவு எடுக்க வேண்டியிருந்தது. "சாயங்காலம் பிள்ளைங்கள இறக்கிட்டு காலி பஸ் ஷெட் வழியாத்தான் கராஜுக்குப் போகும். ஏறிக்கோங்க தம்பி, வழியில அவளையும் ஏத்திக்கணும்" என்றார் அண்ணன். நான் ஏறியபோது மிச்சமிருந்த கடைசிப் பிள்ளை இறங்கும்போது, "ஆமை அங்கிள், நாளைக்காவது சீக்கிரம் வாங்க" என்றது. "நாளைக்கும் இதே நேரம்தான் கண்ணு" என்றார்.

எடை மேடை வாசலில் அண்ணி சாப்பாட்டுப் பையோடு ஏறி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கோட்டைத் தாண்டிய அந்தப் பந்தயத்தின் வீடியோ ஒன்று செல்போனில் இருப்பதாகச் சொன்னார். இன்ஜின் மீட்டர்களைப் பார்ப்பதற்காக இருக்கைக்குப் பின்னால் மாட்டிய சின்ன கேமரா எடுத்தது. "மீட்டர்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி, நூறு தடவை பாத்துட்டேன்" என்று என் முன்னால் நீட்டினார்.

விளக்கு மாறுகிறது. முன்கண்ணாடி முழுக்க வானம். மீட்டர் முள் ஏறுகிறது. நானும் முள்ளைத்தான் பார்த்தேன். பந்தயக்காரர்கள் எல்லோரும் முள்ளைத்தான் பார்ப்பார்கள்.

ஏதோ சொல்ல நிமிர்ந்த அண்ணி பாதியில் நிறுத்தினார். செல்போனைப் பார்த்தார். ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தார். மறுபடி செல்போனைப் பார்த்தார்.

"தம்பி, அத முதல்லேர்ந்து போடுங்க. மெதுவாப் போடுங்க."

போட்டேன்.

"முள்ளப் பாக்காதீங்க. கையப் பாருங்க. இப்ப முன்னாடி பாருங்க."

முன்னால் அண்ணன் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். நேர்ச்சாலை. ஆனால் அவர் கை சும்மா இல்லை. பழைய பேருந்து, ஸ்டியரிங்கில் ஒரு சாண் ஆட்டம் இருந்தது, அவ்வளவு திருப்பிய பிறகுதான் சக்கரம் அசையும். மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சாலை ஓரத்துக்குச் சரிவாக இருக்கும். பேருந்து ஓரத்துக்கு இழுக்கும். அவர் கை நடுப்பக்கமாகப் போய், போய், எங்கே பிடிமானம் கிடைக்கிறதோ அங்கே நின்று, திரும்பி வரும். மாவு பிசைகிற மாதிரி ஓயாத அசைவு. அது அவருக்கே தெரியாது. மூச்சு விடுவது நமக்குத் தெரிகிறதா?

வீடியோவில் வானம் மட்டும் தெரிந்த அந்தச் சில நொடிகளில் அதே கை, அதே மாதிரி, நடுப்பக்கமாகப் பிடிமானம் தேடிப் போனது. சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது எங்கே பிடிமானம்? கை போய்க்கொண்டே இருந்தது. திருப்பிய சக்கரத்தோடு கார் தரையில் இறங்கியது.

"என்னங்க, வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்றார் அண்ணி.

அவர் சிக்னல் போட்டு நிறுத்தினார். வீடியோவை வாங்கிப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். சிக்னல் விளக்கு டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது, யாரும் அணைக்கவில்லை.

"இத்தனை வருஷம் பிள்ளைங்கள ஏத்தி இறக்குறேன். ஒரு கீறல் கிடையாது" என்றார் கடைசியில்.

"கீறல் இல்லாததுக்குக் காரணமே இந்தக் கைதாங்க. இத அங்கயும் எடுத்துட்டுப் போனா எப்படி?"

"அப்ப வலது லேன்ல ஓட்டுறேன். எப்பவும் பஸ் பழக்கத்துல இடது லேனத்தான் கேட்டு வாங்குறேன். வலதுல போனா நடுக்கோடு அந்தப் பக்கம் போயிடும்ல."

"அந்தப் பக்கம் சுவரு இருக்கு."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.  கையை அசைக்காமல் ஓட்டப் பார்த்தார், பேருந்து ஓரத்துக்கு இழுத்தது, மறுபடி அசைத்தார். அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அன்று இரண்டு வேலை செய்தேன். ஸ்பிரிங் தாங்கிகளை அளந்தேன். அப்புறம், முழுப்பழியும் கைமேல்தானா என்று பார்க்க, ஸ்டியரிங்கைக் கயிற்றால் கட்டிவிட்டு முன்பக்கத்தை ஜாக்கியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிச் சக்கரங்களின் திசையை அளந்தேன். முன்பக்கம் எழும்ப எழும்ப, சக்கரங்கள் தாமாகவே வலதுபுறமாக, நடுக்கோடு இருந்த பக்கமே, ஒரு நூல் திரும்பின. ஸ்டியரிங் பாக்ஸையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி சரிவாக இருந்ததால் வந்த கோளாறு. அதை நேராக்கினால் தீரும். அண்ணனிடம் சொன்னேன், "பாதிப் பழிதான் உங்க மேல. மீதி இரும்பு மேல."

"எந்தப் பாதி பெரிசு?"

நான் யோசித்தேன். "கைதான்."

"ம்" என்றார்.

அதற்குப் பிறகு சில நாள் கடைப்பக்கம் வரவில்லை. வந்த அன்று பேருந்தை நிறுத்தி, கட்டை வைத்து, உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கிட்டுல ஸ்டியரிங்க கொஞ்சம் அசைச்சாலே திரும்பும்னு சொன்னீங்கள்ல?"

"ஆமாண்ணே."

"என் கைக்கு அது ஆகாதுல்ல?"

நான் கணக்குப் போட்டிருந்தேன். அவர் கை போகிற அதே தூரத்துக்குப் பழைய பாக்ஸை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்கரம் திரும்பும். சொன்னேன். அவர் மேசையில் இருந்த கிட்டின் படத்தை என் பக்கமே நகர்த்தி வைத்தார்.

"வேணாம்னு சொல்லிடுங்க. அச்சு இருக்கட்டும். அந்த மூணாவது வழி போடுங்க." கொஞ்சம் நிறுத்தி, "வாரோடதான்" என்றார்.

சொல்லும்போது என் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வானத்தை மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது எனக்கு.

வேலை அண்ணியுடையது. இணைப்புக் கம்பியை நேர்மட்டத்துக்குக் கொண்டு வந்தோம். பட்டை ஸ்பிரிங் புதுசு. ஷாக் அப்சார்பர், அவர் முதல் நாள் கேட்ட அதே மாதிரி, மெதுவாக எழும்பி மெதுவாக இறங்குவது. வாரில் அண்ணி இடுப்பு பெல்ட் போல வரிசையாகத் துளை போட்டிருந்தார்.

"எதுக்கு இத்தனை துளை?" என்றார் அண்ணன்.

"இப்ப முதல் துளை. ஒரு ரேஸ் நேராப் போய் நேரா வந்தா, அடுத்த துளை. கோணினா பழைய துளை."

"யாரு முடிவு பண்றது?"

"நான்தான். டயர்த் தடத்த நடந்து பாத்துட்டு."

அண்ணன் என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா தம்பி, பள்ளிக்கூடத்துல மார்க் போடுற மாதிரி." ஆனால் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் இருந்தது. துளைகளைத் தடவி எண்ணிக்கொண்டிருந்தார்.

அவர் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். கராஜ் மெக்கானிக்கிடம் போய்ப் பேருந்தின் ஸ்டியரிங் ஆட்டத்தைக் குறைக்கச் சொன்னார். மெக்கானிக் அளந்து பார்த்து, "லிமிட்டுக்குள்ளதானப்பா இருக்கு" என்றாராம். "அந்த லிமிட்டுதான்யா என்னக் கெடுத்துச்சு" என்று இவர் பக்கத்திலேயே நின்று பாக்ஸைக் கழற்ற வைத்து இறுக்கிக்கொண்டு வந்தார். முதல் வாரம் பேருந்து தள்ளாடியது. ஆட்டம் போன ஸ்டியரிங்கை அவர் கை பழைய தூரத்துக்குத் திருப்பியது. பிள்ளைகளுக்குக் குஷி. அப்புறம் கை அடங்கியது. "இப்ப பஸ்ஸு ரொம்ப போரு" என்று கடைசிப் பிள்ளை சொன்னதாகப் பெருமையாகச் சொன்னார்.

பந்தய நாளன்று அண்ணிக்குப் பக்கத்தில் நின்றேன். மேற்பார்வையாளர் அம்மாள் விசிலைக் கையில் பிடித்தபடி நடுக்கோட்டுக்கு நேராகப் போய் நின்றுகொண்டார். தவளைக்காகவே நின்றார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

விளக்கு மாறியது. தவளை எழும்பியது. எழும்பியது என்று சொல்வது மரியாதைக்காக. ஒரு கையளவு. வார் விறைத்தது, முன்பக்கம் தயங்கியது, மெதுவாக இறங்கியது, கார் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. கூட்டத்தில் ஒருவன், "தவளைக்குக் கால் சுளுக்கா?" என்று கத்தினான். சிரித்தார்கள். பக்கத்துக் கார் ஜெயித்தது. அம்மாள் விசிலை ஊதாமல் கழுத்தில் தொங்க விட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போனார்.

அண்ணி பாதைக்கு இறங்கினார். பாதையோரமாகத் தலையைக் குனிந்தபடி நடந்தார். தார்மேல் பதிந்த ரப்பர்த் தடத்தைக் கடைசிவரை பார்த்துக்கொண்டே போனார். நானும் பின்னால் போனேன். சக்கரம் இறங்கிய இடத்தில் இருந்த கறுப்புக் கோடு ஒரு நூல்கூட வளையவில்லை.

பாதை முடிவில் அண்ணன் இன்னும் காரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் மடியில் இருந்தது. இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருந்துச்சு?" என்றார் அண்ணி.

"பஸ்ஸு ஓட்டுற மாதிரி இருந்துச்சு."

"அப்ப நல்லாத்தான் ஓட்டியிருக்கீங்க."

"சிரிச்சானுங்களா?"

"ஒருத்தன் சிரிச்சான். தடம் நேரா இருக்கு." குனிந்து வாரின் கொக்கியைத் தொட்டுக் காட்டினார். "அடுத்த தடவை ரெண்டாவது துளை."

 அண்ணன் இறங்கி, பழக்கதோஷத்தில், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டை ஏதாவது கிடக்கிறதா என்று தேடினார்.

இதெல்லாம் நடந்து இரண்டு பந்தய சீசன் ஆகிறது. இரண்டாவது துளைக்குப் போய், ஒரு தடவை கோட்டைத் தாண்டாத அளவுக்குத் தடம் கோணி, முதல் துளைக்கே திரும்பி வந்து, மறுபடி ஏறினார்கள். அந்த அம்மாள் போன சீசன் முடிவில் எச்சரிக்கையை எடுத்துவிட்டார். அண்ணன் அதே பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறார். பிள்ளைகள் இன்னும் ஆமை அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அண்ணி எடை மேடையில் இருக்கிறார். கார் பழைய பிரிவிலேயே, பழைய அச்சோடு ஓடுகிறது. வார் இப்போது மூன்றாவது துளையில் இருக்கிறது. அந்த உயரத்தில் முன்கண்ணாடியின் மேல்பாதியில் வானம் தெரிகிறது என்று அண்ணன் சொல்கிறார். நான்காவது துளைக்கு அண்ணி இன்னும் சம்மதிக்கவில்லை.